பதினேழு நசுங்கல்கள் குடிபெயர்ந்த வரலாறு

வாருங்கள், வந்து இந்த ஜீப்பை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். 2010 மார்ச் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி முதல், அந்தமானின் போர்ட் பிளேரில், லம்பா லைன் என்னும் பகுதியில், ராஜகுமாரி என்பவருடைய ஜீப்பிலிருந்த பதினேழு நசுங்கல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வண்டியை விட்டிறங்கி, எதிரேயிருந்த பிரவுசிங் சென்டரின் கணிப்பொறிக்குள் குடிபுகுந்தன. அன்று சௌல்தாரிக் கத்தரிக்காய் கிலோ இருபத்தெட்டு ரூபாய். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வராததால் வெங்காயத்துக்கு விலை இல்லை, ஏனெனில் வெங்காயமே இல்லை. நசுங்கல்கள் இடம் பெயர்ந்ததைக் காட்ட உங்களை அழைக்கவில்லை. இரும்பு தன் விருப்பப்படி நடந்துகொள்ளட்டும். ஒரு பெண் ஐந்தாண்டுகள் விடாமல் உண்மையைச் சொன்னார். அந்த உண்மையை எழுதிக்கொள்ளத் தங்கள் படிவத்தில் கட்டம் இல்லை என்று ஓர் அலுவலகம் விடாமல் அவரைத் திருப்பியனுப்பியது. அந்த அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்.

ராஜகுமாரியின் பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து நிக்கோபாரிலுள்ள கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். ரப்பர் மரத்தைக் கீறிய கையாலேயே அவர் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றார். எட்டாண்டு உழைப்பில் பழைய ஜீப் ஒன்றைத் தமதாக்கிக்கொண்டார். 2004 டிசம்பர் இருபத்தாறாம் நாள் காலை, கடல் அந்த ஜீப்பை எடுத்துச் சென்று, பன்னிரண்டு தென்னைகளிலும் ஒரு பள்ளிக்கூடச் சுவரிலும் மோதவிட்டு, மூன்றாவது அலையில் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தியது. மறுவாரம் சாவியைத் திருப்பியதும் வண்டி ஓடியது. அதுவே அதன் குற்றமாயிற்று. சேதப்பட்டியல் எடுக்க வந்த குழு ஒரே ஒரு கேள்வி கேட்டது. இன்ஜின் ஓடுகிறதா? ஓடுகிறது. 'டேமேஜ் நில்', அதாவது சேதம் ஏதுமில்லை, என்று எழுதிக்கொண்டு குழு அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அந்நாள் தொட்டுத் தீவுக்காரர் நாவில் டேமேஜ் என்ற சொல் ஓர் அலுவலகத்தின் பெயராகிவிட்டது. டேமேஜில் பேர் வந்ததா, டேமேஜுக்கு எந்தக் கிழமை கேம்ப் என்றே மக்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டனர்.

ஜீப்போடு கப்பலேறிப் போர்ட் பிளேர் வந்த ராஜகுமாரி, சௌல்தாரி கிராமத்திலிருந்து காய்கறி ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுவரும் தொழிலைத் தொடங்கினார். ஆண்டுதோறும் வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டும். அதை வழங்கும் ஆய்வாளர் ஹரிஹரன், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பணிமாற்றத்தில் வந்தவர். கெட்டவர் அல்லர்; கட்டம் போட்ட தாள் மீது தீராத பக்தி கொண்டவர். நசுங்கலோடு வரும் வண்டிக்கு, மோதிய வண்டியின் பதிவெண்ணைக் குறிக்க வேண்டும் என்று அவருடைய படிவம் சொன்னது.

"மோதுன வண்டி நம்பர் என்னம்மா?"

"வண்டி இல்லீங்க சார், கடலு."

"கடலுக்கு ஏதும்மா நம்பரு?"

"அப்ப அப்படியே எழுதுங்க. நம்பர் பிளேட் இல்லாம வந்து மோதிட்டு, நிக்காம போயிருச்சின்னு."

ஹரிஹரன் சிரித்தார், ஆனால் எழுதவில்லை. நசுங்கல்கள் பதினேழையும் அங்குல அளவோடு கோப்பில் குறித்துக்கொண்டு, ஆறு மாதத் தற்காலிகச் சான்று கொடுத்தார். அடுத்த ஆறு மாதத்திலும் அதே கேள்வி, அதே விடை, அதே சிரிப்பு. இப்படியே ஐந்தாண்டுகள். 2010-இல் மேலிடத்திலிருந்து புதிய ஆணை வந்தது: தற்காலிகச் சான்று இனி இல்லை, மார்ச் முப்பத்தொன்றுக்குள் முழுச் சான்று பெறாத வண்டியை உடைத்து இரும்பாக்க வேண்டும். தட்டிச் சீராக்கலாம் என்றால், கடலுப்பு ஏறிய தகடு சுத்தியல் பட்டதும் அப்பளமாய்ப் பொடிந்தது. ராஜகுமாரிக்கு எஞ்சியிருந்தவை இருபத்திரண்டு நாட்கள்.

படிவம் அச்சிட்டுக்கொள்ள அவர் யோகராஜின் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தது அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான். யோகராஜும் கச்சல் தோட்டத்துப் பிள்ளைதான். போர்ட் பிளேர் வந்த பிறகு பாதி இந்தியில் வாழ்ந்து வந்தான். கடை மூலையில், ஸ்டீயரிங்கும் மிதிகளும் பொருத்திய ஒரு கணிப்பொறி இருந்தது. திரையில் ஒரு வண்டி நின்றது. அதனருகே 'டேமேஜ்' என்ற தலைப்பும் அதன்கீழ் நான்கு தெரிவுகளும் இருந்தன. ராஜகுமாரி படிவத்தை மறந்தார்.

"தம்பி, இது எந்த டிபார்ட்மெண்டு?"

"அரே அக்கா, டிபார்ட்மெண்ட்லாம் இல்ல. இது கேம்."

"கேம்ப்பா! எத்தன நாளைக்கி?"

"டெய்லி நடக்குது அக்கா. சண்டேதான் பயங்கர ரஷ்."

"ஞாயித்துக்கெழமையுமா? நல்ல கவருமெண்டா இருக்கே. இந்த நாலாவது என்னா?"

"ரியலிஸ்டிக். இடிச்சா உள்ளது உள்ளபடி நசுங்கும்."

"அதப் போடு."

தமக்கு வேண்டிய அலுவலகம் ஐந்தாண்டு தாமதமாகவேனும் திறந்துவிட்டது என்று நம்பி, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்தார். அந்த விளையாட்டு நேர்மையாக இடித்தது. பம்பர் ஒற்றைப் போல்ட்டில் தொங்கித் தரையை உரசியது. பானெட் நடுவில் மடிந்து எழும்பிச் சாலையை மறைத்தது. ரேடியேட்டர் ஆவி கக்கியது. முன்சக்கரம் வளைந்த பின் வண்டி இடப்பக்கமே இழுத்தது. ஆயினும் ராஜகுமாரிக்குத் தோராயம் பிடிக்காது. வெளியே போய்த் தம் ஜீப்பின் கதவுப் பள்ளத்தைச் சாணால் அளப்பார். உள்ளே வந்து, திரை வண்டியைப் பின்னெடுத்து, அதே பள்ளம் விழும் வேகத்தில் மரத்தில் மோதுவார். பள்ளம் பொருந்திய கணத்தில் வெளியே தகர டப்பா மூடி எம்பியது போல 'டப்' என்று ஓர் ஓசை எழுந்தது. மூன்றாவது ஓசையில் யோகராஜ் எட்டிப் பார்த்தான்.

"அக்கா! உங்க ஜீப் காடில டெண்ட்டு காணோம்!"

"இங்க பதிஞ்சிருச்சில்ல? அப்பறம் அங்க எதுக்குக் கெடக்கணும்?" என்றார் அவர், திரும்பாமலே. அலையின் பாரத்தால் அமுங்கிய கூரை மட்டும் எளிதில் பதியவில்லை, அந்த விளையாட்டில் கடல் வைக்கப்படவில்லை. ஆறு முறை பாலத்திலிருந்து தலைகீழாய்க் குதித்து அதையும் பதிவு செய்தார்.

செய்தி பரவியது. ஆட்டோ வைத்திருந்த வங்காளிகள், மீன்வண்டி வைத்திருந்த தெலுங்கர், ஹேவ்லாக் தீவிலிருந்து படகேற்றிக் கொண்டுவரப்பட்ட விடுதி வேன்கள் எனக் கூட்டம் விமான நிலையச் சாலைவரை நின்றது. ஒருவர் கணிப்பொறிக்குக் குங்குமம் வைக்க முயன்றார். யோகராஜ் கீபோர்டை மார்போடு அணைத்துக்கொண்டான். அங்கே பூசாரி தேவைப்படவில்லை. உள்ளபடி சொல்ல வேண்டும் என்ற ஒரே விதி இருந்தது. அதை மீறியவர் ஒப்பந்ததாரர் பாலசுப்பிரமணியம். அவருடைய காரில் இருந்தது ஒரே ஒரு கீறல். அவரோ, பட்டியல் என்றால் கூட்டி எழுதுவதே முறை என்ற பழக்கத்தில், திரைக் காரை நான்கு பக்கமும் நொறுக்கினார். இல்லாத பள்ளங்களை எடுக்க முடியாத கணிப்பொறி, பள்ளம் இருந்திருக்க வேண்டிய இடங்களை எடுத்துக்கொண்டது. கதவுகள், கூரை, பானெட் அனைத்தும் போயின. இருக்கையும் ஹாரனும் மிஞ்சின. "காத்தோட்டமா இருக்குய்யா" என்று சொல்லி, குடை பிடித்தபடி அதே காரில் அவர் இரண்டு மழைக்காலம் அலுவலகம் போய்வந்தார்.

இனித்தான் அநீதியின் உச்சம். மார்ச் முப்பதாம் நாள் ராஜகுமாரி ஒரு வடுவும் இல்லாத ஜீப்பை ஹரிஹரன் முன் நிறுத்தினார். அவர் வண்டியைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், வேர்த்தார்.

"ஃபைல்ல பதினேழு இருக்கும்மா. வண்டியில ஒண்ணு கூட இல்ல. இது அந்த வண்டி இல்ல. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"இருந்தப்ப இருக்குதுன்னு போடல. இல்லாதப்ப இல்லேன்னு போடல. என்னா சார் உங்க நாயம்? பள்ளம்தானே வேணும்? லம்பா லைன்ல பத்திரமா இருக்கு. வந்து எண்ணிக்கங்க."

கடைசி நாள் காலை ஹரிஹரன் கோப்பு, அளவுநாடா, டார்ச் விளக்கு ஆகியவற்றோடு வந்தார். யோகராஜ் திரை வண்டியைத் திருப்பித் திருப்பிக் காட்ட, அவர் கண்ணாடித் திரைமீது நாடாவை வைத்து அளந்தார். கோப்பிலுள்ள ஒவ்வோர் அளவும் பொருந்தியது. வண்டியின் அடிப்பக்கத்தைக் காண்பதற்காக மேசைக்குக் கீழே மண்டியிட்டு டார்ச் அடித்தார், யாரும் சிரிக்கவில்லை. பதினேழையும் எண்ணி முடித்து, நிம்மதியாக மூச்சுவிட்டு, பேனாவைத் திறந்தார்.

"என்னா எழுதுறீங்க? சத்தமாப் படிங்க சார்."

"டேமேஜ் நில், வண்டி ஓடத் தகுதியானது. உனக்கு நல்லதுதானேம்மா?"

"நில் இல்லீங்க. பதினேழு. ஒருதரம் நில்லுன்னு எழுதிப் பட்டது போதும். அடிச்சிட்டு எழுதுங்க, நான் கையெழுத்து வைக்கிறேன்."

நண்பகலுக்குள் சான்று பதிவாகாவிட்டால் ஜீப் இரும்புக் குவியல். ஆயினும் ராஜகுமாரி கையெழுத்திடக் கையை நீட்டவில்லை. ஹரிஹரன் எழுதியதை அடித்தார். பின்னர், தம் பணிக்காலத்தில் முதன்முறையாக, கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் எழுதினார்; எழுதியதை எழுந்து நின்று படித்தார்: "சேதம் பதினேழு. கடலால் நேர்ந்தவை. தற்சமயம் லம்பா லைனில் உள்ளன. வண்டி நலம்." பதினொன்று நாற்பதுக்குச் சான்று பதிவானது. பிற்பகல் ஜீப் கத்தரிக்காய் ஏற்றச் சௌல்தாரிக்குப் போயிற்று. நசுங்கல்கள் இன்றும் அந்தக் கணிப்பொறியில் இருக்கின்றன. மின்சாரம் போனால் அவையும் போகின்றன, வந்தால் வருகின்றன. லம்பா லைனில் அதை ஒரு புதுமையாக எவரும் பேசுவதில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் வீடு திரும்புங்கள். நாளையோ மறுநாளோ உங்கள் வாசலுக்கும் ஒருவர் தாளோடு வருவார். அவருக்கு அவசரம் இருக்கும், இன்னும் நாற்பது வீடு பாக்கி இருக்கும். நாற்காலி போடுங்கள், தண்ணீர் கொடுங்கள், எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தெரு முழுவதும் கேட்கட்டும். பொய்யாக ஒரு சொல் இருந்தாலும், உங்களுக்கு ஆதாயமான பொய்யாகவே அது இருந்தாலும், பேனாவைத் தொடாதீர்கள்.