தலையில்லாத மீன்

இப்போது மீன் வாங்குகிறவர்கள் யாரும் மீனைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறார்கள். பொட்டலம் வீடு தேடி வருகிறது. தலை கிடையாது, செவுள் கிடையாது. செத்து எத்தனை நாளானதென்று எதைத் தூக்கிப் பார்ப்பது? தொட்டால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்குகிறது. மீன் நாறவில்லை என்றால் அதில் எதையோ ஊற்றியிருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

என் மருமகள் மதுமதிக்கு ஆறு மாதம். வயிற்றில் பிள்ளை எடை போதவில்லை, மீன் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வெளியூரில் கிடக்கும் என் மகன், அங்கிருந்தே போனை அமுக்கி அந்தப் பொட்டலத்தை அனுப்பிவிட்டான். என் பேரப்பிள்ளைக்கு அதைக் கொடுக்க விடமாட்டேன் என்று நின்றேன்.

"அப்ப நீங்களே வாங்கியாங்க மாமா," என்றாள் மதுமதி.

சங்ககிரி ரோட்டோரம் தொட்டியில் உயிர்மீன் விற்கிறவனிடம் போனேன்.

"எந்தூரு மீனப்பா?"

"மேட்டூர் டேமுங்க."

"எல்லாரும் மேட்டூருங்கறீங்க. அந்த டேமுல தண்ணி இருக்குதா, இல்ல மீனு மட்டுந்தானா?"

"நம்பிக்கை இல்லீன்னா செவுளத் தூக்கிப் பாருங்க பெரியவரே."

பார்த்தேன். ரத்தச் சிவப்பு. நல்ல விரால், வாலால் என் கையில் அறைந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்கள் வீட்டுக்குள் மீன் ஆக்குவதில்லை. கவிச்சி ஒட்டும். அதற்கென்று தனிச் சட்டி, மாட்டுக் கொட்டகை ஓரம் தனியாகக் கல்லடுப்பு. என் மனைவி சௌந்திரம் அங்கே உட்கார்ந்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வயிற்றைக் கிழித்தாள். மதுமதி ஆசையாகப் பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க."

மஞ்சளாக ஒரு கூழ் வழிந்தது. அதில் வெள்ளை இறகு, கொழகொழவென்று சுருண்டு. சௌந்திரம் இழுக்க இழுக்க இன்னொன்று வந்தது. அதன் பின்னால் கோழி நகம். பண்ணைக்கோழி இறகை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செத்த கோழியைக் குட்டையில் அள்ளிப் போட்டு வளர்த்திருக்கிறான், திருட்டுப் பயல்.

"மேட்டூர் டேமுல கோழியும் நீந்துதுங்களா?" என்றாள் சௌந்திரம்.

மதுமதி வாயைப் பொத்திக்கொண்டு வேலியோரம் ஓடினாள். காலையில் குடித்த பால்வரை கக்கினாள். மீனைக் குழி தோண்டிப் புதைத்தேன். எத்தனை தடவை கழுவியும் கை நாற்றம் போகவில்லை.

சாயங்காலம் அதே சட்டியில் பொட்டல மீன் கொதித்தது. மதுமதி இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

"நாத்தமே இல்லீங்க மாமா. இன்னைக்குத்தான் சோறு எறங்குது. நீங்களும் ஒரு துண்டு தின்னு பாருங்க."

"வயித்தையே காட்டாத மீனு. அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியாததுனாலதானுங்க எறங்குது."

சௌந்திரம் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். சட்டியை எட்டிப் பார்த்தேன். முகமில்லாத வெள்ளைத் துண்டுகள். சாப்பிடட்டும், பிள்ளை எடை போடட்டும். அதற்காக அதை மீன் என்று நான் ஒத்துக்கொள்ள முடியாது. தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.