தங்க முனையில் மஞ்சள்

சந்தேகம் இருக்கிறதே சாமிகளா, அது காலில் தைத்த முள். பிடுங்குகிற வரைக்கும் நடக்க விடாது. சங்ககிரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்த சுகன்யாவுக்கு அப்படித்தான் ஆனது.

அவளும் அவளுக்கு மூத்த மாணவனான தீனதயாளனும் இரண்டு தங்க முனைகளைத் தொட வைத்து, மெல்ல மெல்லப் பிரிப்பார்கள். அந்த இடுக்கில் ஒரே ஒரு மூலக்கூறு, வாய்க்காலின் குறுக்கே போட்ட பனந்தடி போல இரு கரையையும் பற்றிக்கொண்டால், மின்சாரம் அதன் வழியே கடக்கும். திரையில் மின்னோட்டத்தைக் காட்டிச் சரிகிற கோடு ஒரு படியில் நின்று இறங்கும். பற்றாவிட்டால் நேரே பாதாளம்தான்.

தீனதயாளன் உருவாக்கிய மூலக்கூறுக்குப் படி அழகாக வந்தது. இருவர் பெயரிலும் கட்டுரை தயார். அனுப்புமுன் சுகன்யா, மூலக்கூறே சேர்க்காமல் வெறும் கரைப்பானை விட்டுப் பார்த்தாள். அப்போதும் அதே உயரத்தில் அதே படி!

தடியே போடாத வாய்க்காலை எவன் கடந்தான்? தீனதயாளன்தான் கரைப்பான் குப்பியில் எதையோ கலந்திருக்கிறார். புதுக் குப்பியைத் திறந்தாள். அதிலும் படி. அப்படியானால் கருவியிலேயே கைவைத்திருக்கிறார். பொய்க் கட்டுரையில் தன் பெயர் ஏறினால் பிறகு எந்த முகத்தோடு இந்தத் துறையில் நிற்பது?

"ஏனுங்ணா, நானில்லாதப்ப இந்தக் கருவிய யாரு தொட்டது?"

"நாந்தான். திருடனைப் பாக்கற மாதிரியே பாக்கறயே அம்மிணி?"

"வெறும் கரைப்பானுக்கும் படி வருதுங்ணா."

அவன் முகம் வெளுத்தது. அதையும் நடிப்பு என்றே நினைத்தாள்.

அவன் புறஊதா விளக்கை எடுத்துவந்து, ஏதாவது அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று காட்டிப் பார்த்தான். முனையைப் பிடித்திருக்கும் தாங்கியில், விரல்நுனி அளவுக்கு வட்டமாக, மஞ்சளும் பச்சையுமாக ஒன்று ஒளிர்ந்தது.

பொட்டு! ஆயுத பூசைக்குக் கருவிகளுக்கெல்லாம் மஞ்சள் குழைத்துப் பொட்டு வைத்தவள் சுகன்யாவேதான். கரைப்பான் பட்டுப் பட்டு அது முனைக்கு இறங்கி, தானே தடியாகக் கிடந்திருக்கிறது.

"லாரிக்கு வெக்கறாப்பல இதுக்குமா வெச்ச? எலுமிச்சம்பழம் மட்டும் பாக்கி!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப நம்ம படி?"

"உன் மஞ்சளோட படியா, என் மூலக்கூறோட படியான்னு பாத்தரலாம்."

எல்லாவற்றையும் கழுவி, புதுத் தங்கக் கம்பி மாட்டினார்கள். வெறும் கரைப்பானுக்குக் கோடு நேரே பாதாளம். பிறகு மூலக்கூறைச் சேர்த்தார்கள். கோடு சரிந்தது, சரிந்தது, முன்பைவிடத் தாழ்வாக, சின்னதாய் ஒரு படியில் நின்றது. முன்பு பார்த்தது மஞ்சளின் படிதான்; கட்டுரையை முதலிலிருந்து எழுத வேண்டும்.

"இப்பவாச்சும் நம்பறயா?"

"இன்னொருக்கா பாக்கலாமுங்ணா. குப்பிய நானே கழுவறேன், நீங்க தொடாதீங்க."

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.