காலிக் கல்லறை

கல்லறைத் தோட்டமே அதிரும்படி ஹாரன் அலறியது. மஞ்சள் கார் ஒன்று புல்தரை மேலேயே ஏறி வந்து நின்றது. மனைவியின் கல்லறை முன் மண்டியிட்டு, புகைப்படக்காரர்களுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நடிகர் வெர்னன் டிரேக் திடுக்கிட்டுத் திரும்பினார்.

காரிலிருந்து இறங்கியவள் அந்த மனைவியேதான். ஆக்னஸ்.

எல்லாம் ஸ்டுடியோவின் விளம்பர அதிகாரி கஸ் லீபரின் மூளை. மனைவி உள்ள கதாநாயகனைவிட மனைவியை இழந்தவனுக்குத்தான் ஹாலிவுட்டில் ரசிகைகள் அதிகம். "ஆறு மாதம் அம்மா வீட்டில் இரு" என்று ஆக்னஸை நெப்ராஸ்காவுக்கு ரயிலேற்றிவிட்டு, அன்று மாலையே பத்திரிகைகளுக்கு மரணச் செய்தி கொடுத்தார். வெர்னன் தலையாட்டினார். ரயிலுக்கு முன்பே செய்தி ஊர் போய்ச் சேர்ந்தது. அதைப் படித்துச் சாய்ந்த அவள் அம்மா பிறகு கண் திறக்கவில்லை.

பத்திரிகை ஆபீஸ்களில் ஆக்னஸ் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். விளம்பரப் பைத்தியம் என்று சிரித்தார்கள். வெர்னன் வாயாலேயே சொல்லவைப்பது என்று முடிவுகட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நிருபர்கள் சூழ்வதற்குள் கஸ் முந்திக்கொண்டார். "செத்துப்போனவங்களோட தங்கச்சிப்பா! அச்சு அசல் அதே முகம். இல்லையா வெர்னன்?"

வெர்னன் இதற்கும் தலையாட்டினார். "ஆமா... தங்கச்சிதான்."

ஆக்னஸ் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்தாள்.

"தங்கச்சியேதான். அக்கா சாகறப்ப அத்தான் சத்தியம் பண்ணினாரே, சொன்னாரா? இன்னொரு பொண்ணைத் தொடமாட்டேன், படத்துலகூடன்னு!"

பென்சில்கள் பறந்தன. "அப்ப நாளைக்கு ஆரம்பிக்கிற காதல் படம்?"

"அதுல எப்படி சார் நடிப்பார்? அக்கா ஆத்மா சும்மா விடுமா?"

வெர்னன் கஸ்ஸின் கோட்டைப் பிடித்து உலுக்கினார். "ஏதாவது சொல்லுய்யா!"

கஸ்ஸின் கண்கள் மின்னின. "பிரமாதம்! படத்துல உனக்குப் பதிலா மில்லரை நடிக்க வெச்சுடலாம். நீ மடத்துல சேர்ந்துடு தம்பி. முதல் பக்கத்துல உன் மொட்டைத் தலை!"

"மொட்டை அத்தானுக்கு எடுப்பா இருக்கும்," என்றாள் ஆக்னஸ். "நாளைக்கே சேர்த்துடுங்க."

நிருபர்கள் அதையும் எழுதினார்கள். வெர்னன் பாய்ந்து ஒருவரின் பென்சிலைப் பிடுங்கினார்.

"நிறுத்துங்கய்யா! சத்தியமும் இல்லை, சாவும் இல்லை! இவதான் என் பொண்டாட்டி ஆக்னஸ்!"