காதுக்குள் அவர் குரல்

"மேல் தட்டு, சிறிய பெட்டி" என்று என் வீட்டுக்காரர் காதுக்குள் சொன்னார். எடுத்தேன். "சரி" என்றார். வேகமாக வேலை செய்கிறவர்களிடம் அதற்கு மேல் பேசமாட்டார். கிடங்கில் எங்கள் எல்லோர் காதிலும் மாட்டியிருக்கும் கருவியின் குரல் அவருடையது. சொன்னால் நம்பவா போகிறார்கள்?

அவர் டப்பிங் பேசுகிறவர். கல்யாணமான புதிதில் ஒரு வெளிநாட்டுத் தொடருக்குப் பேசினார். எதிர்காலக் கதை, அதில் முதலாளியே ஓர் இயந்திரம். தொழிலாளி மூச்சு வாங்கினாலும் கணக்கில் ஏற்றிவிடும். அந்த முதலாளிக்கு இவர் குரல். சமையலறை வாசலில் நின்று ஒத்திகை பார்ப்பார். "ஓய்வு என்பது திருட்டு!"

நான் கரண்டியை ஓங்குவேன். "சோறு வேக வேண்டாமா முதலாளி? அதுக்கும் கணக்கா?"

அதே இரும்புக் குரலில், "அப்படியே ஒரு காபி" என்பார். வயிறு வலிக்கச் சிரிப்போம். இப்படியும் ஓர் உலகம் வருமா என்றுதான் சிரித்தோம். என்ன நாட்கள் அவை!

அந்தக் குரல் பிடித்துப்போய் ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டு என்னென்னவோ பேச வைத்துப் பதிவு செய்துகொண்டது. பிறகு தொண்டையில் ஆபரேஷன். ஆள் பிழைத்தார், குரல் போய்விட்டது. இப்போது கை தட்டித்தான் என்னைக் கூப்பிடுகிறார். அந்தத் தொடரைத் தேடாத இடமில்லை, கிடைக்கவே இல்லை.

அதனால் வேண்டுமென்றே மெதுவாக நடப்பேன். அப்போதுதான் முழு வாக்கியம் பேசுவார். "உங்கள் வேகம் குறைகிறது. உடல்நலம் சரியில்லையா?" அதற்காக எவ்வளவு திட்டு வேண்டுமானாலும் வாங்கலாம்.

இன்று காலை சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, இன்னைக்கும் லேட்டாச்சுன்னா வேலை போயிடும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம், நாளையிலேருந்து கருவியில வேற குரல். இந்த ஆள் மிரட்டுறான்னு எல்லாரும் புகார் பண்ணிட்டாங்க."

எங்கள் வீட்டு அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிகிறது. ஓடினேன். சரி. சரி. சரி. பகல் முழுக்க அந்த ஒற்றைச் சொல்தான்.

ஷிஃப்ட் முடியப்போகிற நேரத்தில், பெட்டியில் வைத்த கை எழவில்லை. "வேகம் குறைகிறது" என்றார். நின்றேன். "உதவி தேவையா?" என்றார். இதுவரை நான் கேட்காத வாக்கியம். இன்னும் நின்றேன். வரிசையின் கோடியிலிருந்து சூப்பர்வைசர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது.

"நீங்கள் அங்கே இருக்கிறீர்களா?"

சூப்பர்வைசர் வாயைத் திறக்குமுன் உதட்டில் விரலை வைத்து அவரை நிறுத்தினேன்.

"இருக்கேங்க" என்றேன்.