அரிசி நின்ற குழாய்

ராசா டவுனில் தகரக் கொட்டகை போட்டு யாகப்பன் சைக்கிள் செய்துகொண்டிருந்தார். வாங்கி விற்கவில்லை, செய்தார். இரும்புக் குழாயை அளந்து வெட்டுவார். மூட்டுக்கு மூட்டு பித்தளையை உருக்கி ஊற்றி ஒட்டுவார். ஒட்டின மூட்டின் முனையை அரத்தால் ராவி ராவி வெற்றிலை நுனி மாதிரி கொண்டுவந்து நிறுத்துவார். வருசத்துக்கு நாலைந்து சைக்கிள் முடிந்தால் பெரிசு. கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற சீமைச் சைக்கிளைக் காட்டினால் "அது தகரம்" என்று சொல்லித் துப்புவார்.

அவர் செய்ததில் ஒன்று என்னிடம் இருந்தது. என் கால், என் கை, என் முதுகு எல்லாவற்றையும் நூல் பிடித்து அளந்து செய்தது. எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற கிராணிக்குக்கூட அப்படி ஒன்று இல்லை. என் பெண்சாதி மயிலம்மா, "என்னைப் பாக்க வந்தப்போகூட இவ்ளோ நேரம் பாக்கல நீ" என்பாள்.

யாகப்பன் சைக்கிளில் ஒரு விசயம் உண்டு. சீட்டைத் தாங்குகிற குழாய் மற்ற சைக்கிளில் அடிவரைக்கும் திறந்து கிடக்கும். இவர் அதன் அடியில் பித்தளைத் தகடு வைத்து அடைத்துவிடுவார். மழைத்தண்ணி பெடல் அச்சுக்குள் இறங்கக்கூடாதாம். தகட்டின் ஓரத்தை மட்டும் ராவமாட்டார். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்பார். அந்த ஓரம் மீன்முள் மாதிரி இருக்கும்.

கம்யூனிஸ்ட்டு காலம் அது. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். காலையில் பால்வெட்டப் போகும்போது கேட்டில் போலீசுக்காரன் சோதனை. ஒரு பிடி அரிசி வெளியே போகக்கூடாது, காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட்டுக்குப் போய்விடுமாம். சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பான், பெண்பிள்ளைகள் மடியைத் தட்டச் சொல்வான், சைக்கிள் பம்பைக்கூட கழற்றி ஊதிப் பார்ப்பான்.

ஐம்பத்திரண்டில் ஒரு நாள் கேட்டில் நின்ற போலீசுக்காரன் ஓஸ்மான், கையிலிருந்த பிரம்பால் என் சீட்டுக் குழாயைத் தட்டினான். ஓஸ்மான் பக்கத்து மலாய்க்காரக் கம்போங்கில் பிறந்தவன். தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவான். தட்டின சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் தட்டினான். சீட்டைப் பிடுங்கி சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்தான். அரிசி கொட்டியது.

"என்னடா இது?" என்றான்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

எங்களை வேலை வாங்குகிற மண்டோர் தங்கராஜு பக்கத்தில்தான் நின்றான். "நல்ல பையன்தான் லா. யார் கெடுத்தாங்களோ" என்று ஓஸ்மானிடம் சொன்னான். அதைச் சொல்லும்போது கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்டேசன்வரைக்கும் என் சைக்கிளை நானே தள்ளிக்கொண்டு போனேன். அதுவும் சாட்சியாம். அப்புறம் விசாரணை, சிறை, அதற்கப்புறம் முள்கம்பி முகாம். உள்ளே இருக்கும்போதே மயிலம்மா காய்ச்சலில் போய்விட்டாள். ஜெயில்காரன் பெண்சாதி என்று லயத்தில் யாரும் பக்கத்தில் போகவில்லை. லாரி ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மண்டோர் சீட்டு எழுதித் தரவேண்டும். தங்கராஜு தரவில்லை. "துரைகிட்ட கேக்கணும்" என்றானாம். அவன் கேட்டு முடிப்பதற்குள் அவளைப் புதைத்துவிட்டார்கள். முகம் பார்க்கக்கூட என்னை விடவில்லை.

முகாமில் எனக்கு ஒரே வேலை. அந்த அரிசியை வைத்தது யார்? அதற்கு முந்தின நாட்களில் என் சைக்கிளை இரவல் வாங்கினவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் பூசாரி சன்னாசி, கற்பூரம் வாங்க. இன்னொருத்தன் தங்கராஜு, லயத்துக்கு மண்ணெண்ணெய் சொல்லிவிட்டு வர. மண்டோர் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? இரண்டு பேரையும் சமமாக வெறுத்தேன். வேறு வழி தெரியவில்லை.

வெளியே வந்ததும் தங்கராஜுதான் மறுபடி எஸ்டேட்டில் வேலை வாங்கித் தந்தான். சும்மா இல்லை. காலைப் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, "முனியாண்டி ஜெயில் சோறு தின்னவன், அவனுக்கு நம்ம ஊட்டுச் சோறு இப்ப காரமா இருக்கும்" என்பான். சிரிக்காதவன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வான். அதனால் எல்லாரும் சிரிப்பார்கள். மலைமேட்டில், பால் வராத கிழட்டு மரங்களை எனக்கு வெட்டக் கொடுத்தான்.  தலையைக் குனிந்து அவன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தக் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் செருப்பே எங்களுக்கு அதிகம். வெள்ளைக்கார துரையைப் பார்த்து இவன் அரைக்கால் சட்டையும், தோல் சப்பாத்தும், முட்டிவரைக்கும் இழுத்துவிட்ட கம்பளிக் காலுறையும், மேசோடு என்போமே அதுவும், போடுவான். அந்த வெயிலில். குதிகால் பக்கம் மேசோடு ஓட்டையாகும். அவன் பெண்சாதி மங்கம்மா அதைச் சிவப்பு நூலால் தைத்துக் கொடுப்பாள். பெட்டிக் கட்டம் மாதிரி, நெருக்கமாக. குழாயடியில் துவைக்கும்போது பெண்பிள்ளைகள், "மண்டோரம்மா, கோழிக்கொண்டை நல்லாருக்கு" என்று கேலி பண்ணுவார்கள்.

என் சைக்கிளை மம்பா என்கிற ஊரில் பார்த்தேன். ஒரு சீனக் காய்கறிக்காரன் பச்சைப் பெயிண்டு அடித்து, பின்னால் கூடை கட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். போலீசு ஏலம் விட்டதைப் பழைய இரும்புக்காரன் எடுத்து இவனுக்கு விற்றானாம். முன்சக்கரத்தைத் தாங்குகிற கவை வளைந்து, சீட்டு வேறு, கைப்பிடி வேறு. ஆனால் பெயிண்டுக்கு அடியில் அந்த வெற்றிலை நுனி தெரிந்தது. இரண்டு சேவலும் மயிலம்மாவின் தையல் மிசினும் கொடுத்து வாங்கினேன். தையல் மிசினைத் தூக்கிக் கொடுக்கும்போது கை கொஞ்சம் நின்றது. கொடுத்துவிட்டேன்.

யாகப்பன் சைக்கிளைப் பார்த்ததும் என்னைப் பார்க்கவில்லை. "எந்தப் பன்னி இந்தப் பச்சையை அடிச்சான்?" என்றார்.

"ஆள் தெரியாதுண்ணே. சரி பண்ண முடியுமா?"

"நான் செஞ்சது. கெட்டுப்போகும், சாகாது."

ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போய்விட்டு வருவார். நான் எஸ்டேட்டிலிருந்து பாஸ் வாங்கிக்கொண்டு வருவேன். சோடாக்காரம் போட்டு பச்சையை உரித்தோம். அதற்கடியில் என் கறுப்பு, அதற்கடியில் வெறும் இரும்பு. கவையைச் சூடு காட்டாமல், கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் காதை வைத்துக் கேட்பார். ஒரு கம்பி பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவார். மாதங்கள் ஓடின. நான் அவசரப்படவில்லை.

கடைசியில் சீட்டுக் குழாய்க்கு வந்தார். பித்தளைத் தகடு ஆடிப்போயிருந்தது, எடுத்துப் புதிசு வைக்கவேண்டும். நெருப்பு காட்டுவதற்கு முன்னால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று கொக்கிக் கம்பி விட்டுத் துழாவுவது அவர் பழக்கம். கம்பி எதிலோ மாட்டியது. இழுத்தார். வரவில்லை. திருகி இழுத்தார்.

துணி வந்தது. துரு ஏறி, எலி மாதிரிச் சுருண்டு.

"அந்தோணியாரே! என் குழாய்க்குள்ள கந்தலை அடைச்சது யாருடா?"

மண்ணெண்ணெயில் முக்கி அலசினேன். கம்பளி. பாதம் மட்டும், கணுக்காலுக்கு மேலே கிழிந்துபோனது. விரல் மடிப்பில் கறுத்துப்போன அரிசி நாலு மணி ஒட்டிக்கொண்டிருந்தது. குதிகாலில் சிவப்பு நூல். பெட்டிக் கட்டம் மாதிரி, நெருக்கமாக.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மேசோட்டில் அரிசியை நிரப்பிக் குழாய்க்குள் இறக்கியிருக்கிறான். மண்டோரை யார் சோதிப்பது? கேட்டைத் தாண்டிப் போய், கொடுக்கவேண்டிய இடத்தில் மேலே பிடித்து இழுத்திருக்கிறான். மற்ற சைக்கிளாக இருந்தால் முழுசாக வந்திருக்கும். இதில் பாதம் தகட்டு ஓரத்தில் மாட்டிக் கிழிந்து, அரிசியோடு அடியில் நின்றுவிட்டது. சீட்டை மாட்டி, "நல்ல வண்டி லா" என்று சொல்லி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஓஸ்மான் கவிழ்த்தபோது அரிசி வந்தது, பை வரவில்லை.

உள்ளே அரிசி நிற்கிறது என்று தெரிந்தே கொடுத்தான். தெரிந்தே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஸ்டேசன்ல கொண்டு குடு" என்றார் யாகப்பன்.

"குடுத்தா இது மறுபடி அவன் கால்ல ஏறிடும்ணே. அவன் துரைகிட்டப் போவான், துரை இன்ஸ்பெக்டர்கிட்டப் போவான். அப்புறம் நான்தான் இதைத் தைச்சேன்னு சொல்லுவானுங்க."

"அப்ப என்ன பண்ணப்போற?"

"நீங்க சைக்கிளை முடிங்க. ஆயுதபூசைக்குள்ள வேணும்."

புதுத் தகடு வைத்தார். கறுப்பு அடித்து, வெற்றிலை நுனிகளுக்குத் தங்கக் கோடு இழுத்தார். பழைய மணியையே தேடிப் பிடித்து மாட்டினார். ரோட்டில் சின்னப் பள்ளம் வந்தாலும் தானாகவே கிணுங்கும் மணி அது. சைக்கிளைக் கையில் கொடுக்கும்போது, "உங்க பூசை எப்படியோ போகட்டும். செயின்ல குங்குமத்தைப் பூச விட்டுடாதே. துருப்பிடிக்கும்" என்றார்.

எங்கள் எஸ்டேட்டில் ஆயுதபூசை என்றால் மாரியம்மன் கோயில் முன்னால் பால்வெட்டுக் கத்தி, வாளி, சைக்கிள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைப்போம். அவனவன் தன் சாமானுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் பூவும் கட்டியிருக்கும். கோயில் தலைவர் தட்டை ஏந்தி வந்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைப்பார். தலைவர் யார்? தங்கராஜுதான். பின்னால் மங்கம்மா குங்குமச் சிமிழோடு வருவாள். கூட்டம் கூடுகிற இடம் என்பதால் துப்பாக்கியோடு ஓஸ்மானும் நின்றான். இப்போது அவன் போலீசில் பதவி ஏறி கோப்ரல்.

நான் எலுமிச்சம்பழம் கட்டவில்லை. மேசோட்டில் ஒரு பிடி அரிசி போட்டு, வாயைக் கட்டி, கைப்பிடி நடுவில் தொங்கவிட்டேன். சிவப்புக் குதிகால் வெளியே தெரிகிற மாதிரி. மேலே ஒரு சாமந்திப்பூ.

சைக்கிளைப் பார்க்கவே கூட்டம் கூடிவிட்டது. "யாகப்பன் வண்டியா? அதேதானா? மாப்பிள்ளை மாதிரி இருக்கே!" என்றான் வீரமுத்து. என் பக்கத்து வீட்டுக்காரன். பிறகு அவன் கண் கைப்பிடிக்குப் போனது. "அது என்ன?"

"பிரார்த்தனை" என்றேன்.

தங்கராஜு ஒவ்வொரு சைக்கிளாகச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தான். என் சைக்கிளைப் பார்த்ததும் சிரித்தான். "பாருங்கடா, ஜெயில்காரன் பவிசை. இதுல இந்தத் தடவை எத்தன மூட்டை?" என்று கையைச் சந்தனத்தில் தோய்த்துக்கொண்டு குனிந்தான்.

கை அப்படியே நின்றது. சந்தனம் சொட்டியது.

அவன் பேசாமல் அடுத்த சைக்கிளுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பான். எனக்கு அந்தப் பயம் இருந்தது. ஆனால் பின்னால் மங்கம்மா இருந்தாள். எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தே போய்விட்டது.

"ஏங்க! இது ஒங்க மேசோடுல்ல? நான் தைச்சதுல்ல? அன்னிக்கு மண்ணெண்ணெய் சொல்லப் போனப்ப ஒத்தக் கால் மேசோட்டோட வந்தீங்களே, நாய் கவ்விட்டுப் போயிடுச்சுன்னு சொன்னீங்களே! ஜோடியை நான் இன்னும் பொட்டியில வெச்சிருக்கேன்!"

"சும்மா இருடி" என்றான் தங்கராஜு.

"நான் என்ன பொய்யா சொல்றேன்? இந்தச் சிவப்பு என் பாவாடை நூலு!"

குழாயடிப் பெண்பிள்ளைகள் எல்லாரும் தலையை நீட்டினார்கள். "ஆமா, மண்டோரம்மா தையல்தான்" என்றாள் ஒருத்தி. "கோழிக்கொண்டை" என்றாள் இன்னொருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

ஓஸ்மான் வந்தான். மேசோட்டை விரலால் தூக்கி, உள்ளே இருந்ததை அமுக்கிப் பார்த்தான். "முனியாண்டி, எங்கேயிருந்து எடுத்தே?"

"நீ தட்டின குழாய்க்குள்ளேருந்துதான். அரிசியைக் கொட்டினே. அது எதுல வந்துச்சுன்னு பாக்காம விட்டுட்டே. ராசாவுல யாகப்பண்ணன் கையால எடுத்தது. வேணும்னா அவரைக் கேளு. அரிசி மட்டும் இன்னிக்கு நான் போட்டது."

ஓஸ்மான் என்னைப் பார்த்தான். தங்கராஜுவைப் பார்த்தான். அவன் பார்வை அந்தச் சப்பாத்துக் காலுக்கு இறங்கியது. பூசை நாளுக்கென்று நல்ல மேசோடு போட்டிருந்தான். குதிகாலில் சிவப்பு.

"மண்டோர், ஸ்டேசன் வரைக்கும் போவோம் லா" என்றான் ஓஸ்மான்.

"கோப்ரல், இவன் வஞ்சம் வெச்சி…"

"அதையும் அங்கே சொல்லுங்க. மங்கம்மா, வீட்டுல இருக்கிற ஜோடியை எடுத்துட்டு வாங்க."

அப்போதுதான் மங்கம்மாவுக்குப் புரிந்தது. குங்குமச் சிமிழ் கையிலிருந்து விழுந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளைத் தூக்கவில்லை. மயிலம்மாவும் ஒரு நாள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். பூசாரி சன்னாசி ஓடிவந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தான். நான் வெறுத்த இரண்டு பேரில் ஒருத்தனை வெறுப்பதை அங்கேயே விட்டேன்.

"சைக்கிளும் வேணும் முனியாண்டி" என்றான் ஓஸ்மான், கொஞ்சம் தயங்கி. "சாட்சி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சேவல், தையல் மிசின், அத்தனை ஞாயிற்றுக்கிழமை. போனால் திரும்பி வருமா? ஸ்டேசனுக்குப் போன சாமான் எதுவும் எனக்குத் திரும்பி வந்ததில்லை.

"எடுத்துக்க. ஆனா நான் தள்ளமாட்டேன். அன்னிக்கு நான் தள்ளியாச்சு" என்றேன்.

ஓஸ்மான் தங்கராஜுவைப் பார்த்துத் தலையை அசைத்தான். தங்கராஜு தட்டைக் கீழே வைத்துவிட்டு, சந்தனக் கையோடு கைப்பிடியைப் பிடித்தான். ஆள் குட்டை. என் அளவுக்குச் செய்த சைக்கிள் அவன் நெஞ்சை இடித்தது. மேசோடு அவன் கண்ணுக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்தது.

"செயின்ல சந்தனம் படாமத் தள்ளு தங்கராஜு, துருப்பிடிக்கும்" என்றேன். மண்டோர் என்று கூப்பிடாமல் அவன் பெயரை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பெரட்டில் சிரித்த அதே வாய்கள்தான். அவர்களையும் நான் நம்பவில்லை.

கேட்டைத் திறந்தார்கள். வெளியே லாரி போய்ப் போய் ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மணி தானாகக் கிணுங்கியது. பால்வெட்டுகிற கித்தா மரங்களுக்குள் அவன் மறைந்த பிறகும் கேட்டது. அது நிற்கிறவரைக்கும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வந்து என் பங்குச் சுண்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து தின்றேன். நன்றாக இருந்தது.