சவப்பெட்டியில் வேறொருத்தி பெயர்

வாருங்கள். வாசலில் நின்று வருத்தம் சொல்லிவிட்டுப் போகிறவர்களாக அல்ல, சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர்களாக உள்ளே வாருங்கள். மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள இந்தச் சிறிய வீட்டின் முன்னறையில், நாற்காலிகளை ஓரம் தள்ளி, ஒரு பைன் மரப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். அதற்குள் கிடப்பவள் கெட்டூரா டோன். திறந்து பக்கத்தில் சாய்த்த மூடியில் பதித்த வெள்ளைத் தகட்டில் செதுக்கியிருப்பதோ ஹல்டா பிராண்ட். தன் பெயரோடு மண்ணுக்குள் போகும் உரிமை பிச்சைக்காரனுக்கும் உண்டு. இவளுக்கு அதுவும் மறுக்கப்பட்டது.

மகள் லோயிஸ் அந்தத் தகட்டின்மேல் உள்ளங்கையை ஊன்றி நின்றாள். தகட்டின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்த தச்சன் ஓபெட் நிமிர்ந்தான்.

"யார் பேரு இது, ஓபெட்?"

"உங்கம்மா பேருதானேக்கா?"

"எங்கம்மா பேரு கெட்டூரா."

அவன் உதட்டில் கவ்வியிருந்த திருகாணியை எடுத்தான். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. எனக்கு வெவரம் தெரிஞ்சதுலேருந்து ஊரே ஹல்டான்னுதான் சொல்லுது. எங்கம்மாவே, 'ஹல்டா வீட்டுப் பக்கம் போனா காலை ஒடிப்பேன்'னுதான் மிரட்டும். பாஸ்டன்ல குடுத்துச் செதுக்கினது. இனி வேற தகடுக்கு எங்க போறது? போதகர் வந்தாச்சு, குழியும் வெட்டியாச்சு."

சூது அறியாத முகம். அவன்மீது கோபப்படக்கூட அவளால் முடியவில்லை.

ஹல்டா பிராண்ட் பிறந்தவள் அல்லள், எழுதப்பட்டவள். கெட்டூராவின் தம்பி அசரியா க்ரோவெல் எழுதிய, நாடே கொண்டாடும் நாவலின் நாயகி அவள். பொறாமை முற்றி, கப்பலுக்கு வழிகாட்டும் ஜன்னல் விளக்கைத் தன் வாயால் ஊதி அணைத்து, கணவனின் கப்பலை மணல்திட்டில் மோதவிட்டுச் சிரிப்பவள். அந்த ஜன்னல் இந்த வீட்டு ஜன்னல். அந்தத் திட்டு அதோ, அலை நுரைக்கிற இடம். செத்தவன் லோயிஸின் தகப்பன் ஈலை டோன்.

அந்தக் கதையில் பொய் ஒன்றுதான், விளக்கை அவள் அணைத்தாள் என்பது. அந்தப் புயல் இரவில் கெட்டூரா காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தாள். பக்கத்தில் தொட்டிலில் கைக்குழந்தை லோயிஸ். விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் பொறுப்பு, அக்காள் வீட்டில் அண்டி வளர்ந்த சிறுவன் அசரியாவுடையது. அவன் தூங்கிப்போனான். விடிந்ததும், "காத்து அணைச்சிடுச்சு" என்று ஊருக்குச் சொன்னவள் கெட்டூரா. பிறகு காட் மீன் கிழித்து, உப்பில் விரல் வெடித்து, அவனைப் படிக்கவைத்தவளும் அவளே. படித்தவன் எழுதினான். நெஞ்சில் சுமக்க முடியாததை நாவலாக்கி, அவள் தலையில் இறக்கி வைத்தான். எத்தனை அழகாக இறக்கினான்! அந்த அழகுக்காகவே ஊர் நம்பியது. அவள் வலை பின்னினால் வாங்க ஆளில்லை; அவள் ஜன்னலுக்கு வந்தவை கற்கள். மகளிடம் ஒரே ஒருமுறை உண்மையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "சின்னப் பையன்தானே, தூங்கிட்டான்" என்று அடுப்பைக் கிளறப் போய்விட்டாள்.

இப்போது முன்னறை நிரம்பியது. உயிரோடு இருந்தபோது இந்தப் படி ஏறாத கால்கள் அத்தனையும் ஏறின.

"மூஞ்சியப் பாரேன், பச்சப்புள்ள மாதிரி!"

"அந்த மெழுகுவத்திய தள்ளி வைடி. எந்திரிச்சு ஊதிடப் போறா."

அடக்கிய சிரிப்பொன்று ஜன்னல் வரைக்கும் போயிற்று. லோயிஸ் திரும்பவில்லை. அப்போதுதான் ரோமக் கழுத்து மேலங்கியோடு அசரியா உள்ளே வந்தார். பேச்சு நின்றது, ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், பிணத்துக்குக் கழற்றாதவர்கள்கூட. அவர் தகட்டைப் படித்தார். பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

லோயிஸ் அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"மாமா, ஊரு மொத்தமும் உக்காந்திருக்கு. நீங்க எந்திரிச்சு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. விளக்கு எப்படி அணைஞ்சதுன்னு சொல்லுங்க."

"உனக்கு யார் சொன்னா?"

"வேற யாரு சொல்லுவா?"

அவர் ஆறிப்போன மீன் கஞ்சிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா என்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல, லோயிஸ்."

"நான் கேக்குறேன்."

"சொன்னா அந்தப் புத்தகம் செத்துப்போயிடும்மா."

"எங்கம்மாவே செத்துப்போச்சு, மாமா."

வெளியே போதகர் கனைத்தார். அசரியா மேலங்கியின் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டார். பிறகு கதவைத் திறந்து, முதல் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஜெபம் தொடங்கியது, முடிந்தது. அவர் எழவே இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் காற்று மணலை வாரி இறைத்தது. பெட்டியை இறக்குமுன் தகட்டைக் கழற்றி, சுவரில் மாட்டிவைக்கச் சொந்தக்காரர் கையில் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஓபெட் கழற்றினான். தலை நிமிராமல் லோயிஸிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

"இது எங்க வீட்டுச் சாமான் இல்ல, ஓபெட். மாமாகிட்ட குடு. அவர் பெத்தது."

கூட்டம் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டது. "கொடுத்துவச்ச மனுஷன்" என்றுகூட ஒரு குரல் கேட்டது. அசரியாவின் கை நீண்டது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது, சொல்லவில்லை. கைக்குட்டையில் சுற்றி, மேலங்கியின் உட்பையில் வைத்துக்கொண்டார்.

கயிறு தளர்ந்தது. பெயரற்ற மூடியில் திருகாணி இருந்த துளைகள் மட்டும் தெரிந்தன. முதல் மண்வெட்டி மணல் விழுவதற்கு முன்பே, காற்று கொண்டுவந்த மணல் அவற்றுக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது.

பார்த்தீர்கள் அல்லவா? அவர் எழவில்லை, இனி எழமாட்டார். அந்தப் புத்தகம் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது, உங்கள் பிள்ளையின் பள்ளிப் பையில் இருக்கிறது. எடுங்கள். முதல் பக்கத்தைத் திறங்கள். மையால், அழுத்தி எழுதுங்கள்: கெட்டூரா டோன் அந்த விளக்கை அணைக்கவில்லை.