மயில் படத்தைத் தொட்டவர்

தெருவில் நின்றிருந்த கரும்பு டிரெய்லரில் ஏறி விளையாடியபோது இலக்கியா தவறிக் கீழே விழுந்தாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வலது காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்பின் நடுவில் இப்படி ஆகிவிட்டதே என்று அவளைவிட அவள் அம்மா கண்ணகிதான் அதிகம் அழுதாள்.

மூன்றாம் நாள் வகுப்பு ஆசிரியை செந்தமிழ்ச்செல்வி வீட்டுக்கே வந்தார்.

"ஒண்ணும் கெட்டுப் போயிடல கண்ணகி. வீட்டுல இருந்துக்கினே படிக்கறதுக்கு நெட்டுல எவ்வளவோ இருக்குது. காசு கட்ட வேணாம். கதை, கணக்கு, அறிவியல் எல்லாம் வெளையாட்டு மாதிரி சொல்லித் தருவாங்க. போனக் குடுங்க, ஒண்ணு போட்டுத் தரேன்."

வீட்டில் இருந்த ஒரே டச் போன் அவள் அப்பா சின்னதுரையுடையது. ஆசிரியை அதில் ஒரு வலைத்தளத்தைத் திறந்து இலக்கியாவின் பெயரைப் பதிந்தார். பெயருக்குப் பக்கத்தில் வைக்க ஒரு படம் கேட்டது. இலக்கியா மயிலைத் தேர்ந்தெடுத்தாள். அவள் என்னென்ன பாடம் முடித்தாள், எத்தனை கேள்விக்குச் சரியாக விடை சொன்னாள் என்பது வாரம் ஒருமுறை தன் போனுக்கு வந்துவிடும் என்றார் ஆசிரியை. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். அடுத்த மாதம் கள்ளக்குறிச்சியில் பள்ளிகளுக்கிடையே வினாடி வினாப் போட்டி. பள்ளி சார்பில் இலக்கியாதான் போகிறாள். உட்கார்ந்து பதில் சொல்லும் போட்டிதானே, ஆட்டோ வைத்துத் தானே கூட்டிப் போவதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சின்னதுரை அந்தத் தளத்தைப் பார்த்தார். ஓர் அணில் வந்து கேள்வியை வாய்விட்டுப் படித்தது. சரியாகத் தொட்டால் வாலை ஆட்டி ஒரு ஸ்டார் கொடுத்தது. தவறாகத் தொட்டால் திட்டவில்லை, "இன்னொரு முறை பார்ப்போமா?" என்றது. அவர் ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

சின்னதுரைக்குப் படிக்கத் தெரியாது. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளை வேலைக்குக் கூட்டிப் போனார்கள். அதோடு பள்ளிக்கூடம் போயிற்று. கையெழுத்து மட்டும் ஒரு படம் வரைவதுபோல் போடுவார். எண்கள் தெரியும். பெண் பார்க்கப் போனபோது மாமா ஒருவர் "மாப்ள எட்டாவது" என்று சொல்லிவிட்டார். மறுக்க அப்போது வாய் வரவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அதைக் காப்பாற்றுவதே ஒரு வேலையாகிவிட்டது. ரேஷன் கடையில், பேங்கில், எதையாவது நீட்டினால் "கண்ணு எரியுது, நீ பாரு கண்ணகி" என்பார். கண்ணகி பத்தாவது பாஸ்.

வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் ஒருவருடைய கரும்புத் தோட்டத்தில் அவருக்குத் தண்ணீர் கட்டும் வேலை. மோட்டாருக்குக் கரண்டு காலை ஒன்பது மணிக்கு வரும். நிலத்துக்காரர் கூப்பிடுவார் என்பதால் பகலெல்லாம் போன் அவரிடம்தான் இருக்கும். சாயங்காலம் வந்ததும் இலக்கியா வாங்கிக்கொள்வாள்.

மறுநாள் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, மகள் தொட்ட இடத்தையே தொட்டார். தளம் திறந்தது. மயில் படமும் பக்கத்தில் வேறு ஏதோ எழுத்தும் வந்தன. எழுத்து என்ன என்று தெரியவில்லை. மயிலைத் தொட்டார். ஒன்று முதல் எட்டு வரை எண்கள் வந்தன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒன்றைத் தொட்டார்.

மோட்டார் இரைச்சலில் அணிலின் குரல் கேட்கவில்லை. போனைக் காதோடு வைத்துக் கேட்பார், பிறகு கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். "ப. ட. ம். படம்." சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் தொடுவார். பத்தில் மூன்று சரியாக வரும். சில நாள் நான்கு. லகரமும் ளகரமும் ஒன்றுபோலவே கேட்டுத் தொலைத்தன. வாய்க்கால் நிரம்பி வழிகிறதா என்று ஓடிப்போய் மடையைத் திருப்பிவிட்டு மறுபடி வந்து உட்காருவார். மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் உர மூட்டையின் மேல் இருந்த ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி முழுதாகப் படித்துவிட்டார். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆளில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் செந்தமிழ்ச்செல்வி மறுபடி வந்தார். முகம் வழக்கம்போல் இல்லை. அப்போதுதான் தோட்டத்திலிருந்து திரும்பிய சின்னதுரை குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இலக்கியா, அஞ்சாம் வகுப்புப் பாடத்தத் தவிர வேற எதையாச்சும் போட்டுப் பாத்தியா?"

"இல்ல டீச்சர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. மூணு வாரமா ஒண்ணாங் கிளாஸ் பாடம் ஓடிக்கினு இருக்குது. பத்துக்கு மூணு, பத்துக்கு நாலு. படம், மரம் கூடத் தப்பு. ஈஸியா இருக்கறதப் போட்டு ஸ்டார் சேக்கலாம்னு கண்டபடி அமுக்கினியா?"

"நான் போடல டீச்சர். பகல்ல போனே அப்பாகிட்டதான இருக்குது."

ஆசிரியை குழாயடிப் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாச்சும் தெரியாம தொட்டீங்களா?"

சின்னதுரை நிமிர்ந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை கேள்வி வரும் என்று அந்தக் கணத்தில் எண்ணிப் பார்த்தார்.

"இல்ல டீச்சர்" என்றார்.

"அவரு ஏண்டி ஒண்ணாங் கிளாஸ் பாடம் படிக்கப் போறாரு?" என்று கண்ணகி மகள் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "செஞ்சதும் இல்லாம அப்பா மேல பழி போடுறியா?"

"அடிக்காதீங்க" என்று ஆசிரியை தடுத்தார். பிறகு இலக்கியாவிடம் மெதுவாகச் சொன்னார். "வெளையாடினது பெரிய தப்பில்ல கண்ணு. செய்யலன்னு பொய் சொல்ற பாரு, அதான் எனக்குக் கஷ்டமா இருக்குது. போட்டிக்கு இந்த முறை உன் கிளாஸ் சுபஸ்ரீ போவட்டும்."

இலக்கியா அழவில்லை. அப்பாவையே பார்த்தாள். சந்தேகப்பட்ட பார்வை இல்லை அது. அப்பா ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்த பார்வை. சின்னதுரை குனிந்து, கழுவிய காலையே மறுபடி கழுவினார்.

அதன் பிறகு அவர் அந்தத் தளத்தைத் திறக்கவில்லை. மோட்டார் கொட்டகையில் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் வீடுவரை நினைத்துக்கொண்டே வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது நாளைக்கு என்று ஆகிவிடும். புதன்கிழமை போட்டி. அன்று காலை பள்ளிக்கூடம் இருக்கும் தெரு வழியாகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சுபஸ்ரீ சான்றிதழோடு வந்தாள். இரண்டாம் பரிசு. போட்டியில் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கட்டிலில் காலை நீட்டியபடி இலக்கியா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சுபஸ்ரீ கோட்டைவிட்ட இரண்டுக்கும் சொன்னாள். சுபஸ்ரீ போகும்போது தயங்கி நின்றாள்.

"டீச்சர் கிளாஸ்ல சொன்னாங்க. நெட்டுப் பாடத்துல யாரும் இலக்கியா மாதிரி ஏமாத்தக் கூடாதுன்னு. நான் நம்பலடி" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கொஞ்ச நேரம் கழித்து இலக்கியா கூப்பிட்டாள். "அப்பா."

"இன்னாம்மா?"

"ஆஸ்பத்திரி மாத்திர போட்டா தூக்கம் தூக்கமா வருதுல்ல? அப்ப எனக்கே தெரியாம நான்தான் அமுக்கிட்டனாப்பா? நீயும் தொடல, அம்மாவும் தொடல. அப்ப நான்தான?"

சின்னதுரை கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

"நான்தாம்மா" என்றார். "மோட்டார் கொட்டாயில ஒக்காந்து நான்தான் போட்டுக்கினு இருந்தேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அதுல கத்துக்கலாம்னு பாத்தேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கண்ணகி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"எட்டாவதுன்னு சொன்னாங்க?"

"பொய்."

"அது கெடக்குது. படிக்கலன்னா நான் இன்னா ஓடியா போயிருப்பேன்?" அவள் கை மகள் பக்கம் நீண்டது. "அவள அடிச்சேனே. நீ பாத்துக்கினுதான இருந்த? பச்சப் புள்ள வாங்கிக் கட்டிக்கினு நின்னா, நீ காலு கழுவிக்கினு இருந்தியே?"

இலக்கியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட காலோடு திரும்புவது கஷ்டம். தூக்கிவிடச் சின்னதுரை கை நீட்டினார். "தொடாத" என்றாள்.

மறுநாள் காலை நிலத்துக்காரருக்குப் போன் போட்டு, தண்ணீர் கட்ட வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு சின்னதுரை பள்ளிக்கூடம் போனார். செந்தமிழ்ச்செல்வி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தன் போனை எடுத்து வாரக் கணக்கைத் திறந்து எதையோ தேடினார்.

"நேரமும் போட்டிருக்குது" என்றார் கம்மிய குரலில். "எல்லாம் காலைல பத்து, பதினொண்ணு. இலக்கியாவோட பாடம் எல்லாம் சாயங்காலம். நான் கீழ தள்ளிப் பாக்கவே இல்ல." பிறகு போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "அந்த மயில் படத்துக்குப் பக்கத்துல 'புதியவர்'னு ஒண்ணு இருக்கும். அதத் தொட்டிருந்தா உங்க பேருலயே வேற கணக்கு வந்திருக்கும்."

"அது இன்னா எழுத்துன்னு தெரியல டீச்சர்" என்றார் சின்னதுரை.

ஆசிரியை போனை மேசைமேல் வைத்தார்.

"கிளாஸ்ல அவ பேரச் சொன்னீங்களாம். அந்தப் புள்ளைங்ககிட்ட நான் பேசணும்."

"நானே சொல்லிடறேன். நீங்க வர வேணாம்."

"இல்ல டீச்சர். பொய் சொன்னது நான்."

வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள். யாருடைய அப்பா எங்கே வேலை செய்கிறார் என்றுகூட அவருக்குத் தெரியும். இன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும் என்பதும் தெரியும். கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இலக்கியா ஏமாத்தல. ஒண்ணாங் கிளாஸ் பாடத்தப் போட்டது நான். எனக்குப் படிக்கத் தெரியாது. டீச்சர் கேட்டப்ப இல்லன்னு பொய் சொல்லிட்டேன். அவ சொன்னதுதான் நெசம்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஆசிரியை அதட்டுவதற்குள் சின்னதுரை வெளியே வந்துவிட்டார். தோட்டத்துக்குப் போகும்வரை காது சுட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அவர் வீடு திரும்பும் முன்பே செய்தி இலக்கியாவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"எல்லார்கிட்டயுமா சொன்ன?" என்றாள். கண் சிவந்திருந்தது. "இனிமே நான் கிளாஸுக்குப் போனா, உங்கப்பா எந்தக் கிளாஸ்னு கேப்பாங்க."

"கேப்பாங்கம்மா."

"போட்டியும் முடிஞ்சிடுச்சு."

"ஆமா."

அடுத்த வருடம் ஆறாம் வகுப்புக்கும் போட்டி உண்டு என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அதை அவர் சொல்லவில்லை. சொன்னால் தன் தப்பைச் சின்னதாக்குவது போல் இருக்கும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கண்ணகி போனை வாங்கி, 'புதியவர்' என்பதைத் தொட்டு, கணவர் பெயரைப் பதிந்தாள். "எந்தக் கிளாஸ்னு கேக்குது" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். அவர் சொன்னார். அவள் போட்டாள். அவ்வளவுதான் பேசினார்கள். இலக்கியா பாடம் முடித்த பிறகு தினமும் அரைமணி நேரம் அவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து படித்தார். அணில் உரக்கப் பேசியது. தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும். முதல் இரண்டு நாள் யாராவது வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவர் விரல் நின்றுவிடும். ஆனால் எழுந்து போகவில்லை.

இலக்கியா அவர் இருக்கும் பக்கம் திரும்பாமல் புத்தகத்தை விரித்து வைத்திருப்பாள். ஒன்பது நாள் அப்படிப் போயிற்று.

பத்தாம் நாள் சுவரைப் பார்த்தபடியே, "சவுண்ட கம்மி பண்ணுப்பா, நான் படிக்கறேன்ல" என்றாள்.

சின்னதுரை சத்தத்தைக் குறைத்தார்.